கேட்காரர் மடியில் ஒரு காது

அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சட்டைப் பையில் நீளவாக்கில் செருகிக்கொள்ளும் அளவு, கனமான பழுப்பு அட்டை, உள்ளே பக்கத்துக்குப் பக்கம் நானே அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட மூன்று பத்திகள். முதல் பத்தியில் நேரம், இரண்டாவதில் என்ன வேலை, மூன்றாவதில் எத்தனை நிமிடம். அதில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் சின்ன விரல் நுனி அளவுக்கு மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை. என் மனைவி கடைசிவரை அதைக் காபிக் கறை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் ஒவ்வொரு முறையும் இல்லை, சந்தனம் என்று திருத்துவேன். ஏழு வயதுப் பெண் ஒருத்தி அந்த இடத்தில் விரலை ஊன்றி என்னை ஒரு கேள்வி கேட்டாள். என் முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் எந்த மேலதிகாரியும் என்னை அப்படி மிரட்டியதில்லை.

ஐம்பதுகளின் பிற்பகுதியில், எனக்கு இருபத்து மூன்று வயதில், ரயில்வேயில் குமாஸ்தா வேலை கிடைத்தது. என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஏனென்றால் மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. யாராவது ஒரு தொழிலாளி, எனக்கு வேலை நேரம் அதிகம், ஓய்வே இல்லை என்று மனுப் போட்டால் எங்களில் ஒருவரை அனுப்புவார்கள். மூன்று நாள் அந்த ஆளின் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்த நிமிடத்தில் என்ன செய்தார் என்று எழுத வேண்டும். அதைக் கூட்டிப் பார்த்து, அது இடைவிடாத வேலையா, விட்டுவிட்டு வருகிற வேலையா என்று தரம் பிரிப்பார்கள். இடைவிடாத வேலை என்றால் மாற்றாள் கிடைக்கும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் கிடைக்கும். விட்டுவிட்டு வருகிற வேலை என்றால், விட்ட நேரத்திலேயே ஓய்வை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பிறர் எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள் என்று எண்ணுவதற்காக ஞாயிற்றுக்கிழமையும் உழைத்தவர்கள் நாங்கள். எங்களை எண்ண யாரும் வரவில்லை.

அப்படி ஒரு மனுவை எடுத்துக்கொண்டுதான் அந்த ரயில்வே கேட்டுக்குப் போனேன். திருமயத்துக்குப் பக்கத்தில், அரிமளம் சந்தைக்குப் போகிற வண்டிப்பாதை தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிற இடம். பாதையின் இரண்டு பக்கமும் இரும்புக் கதவு, சங்கிலி, பூட்டு. ஓரமாக ஒற்றை அறை வீடு, வாசலில் ஒரு வேப்ப மரம். அந்தக் கதவுகள் எப்போதும் மூடியே இருக்கும். வண்டிக்காரர் வந்து நின்று குரல் கொடுத்தால், கேட்காரர் சாவியோடு வந்து, தண்டவாளத்தை அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்து, கதவுகளைத் திறந்து, வண்டியை விட்டு, மறுபடி பூட்ட வேண்டும். ரயில் வரும் நேரத்தில் கொடியோடு நிற்க வேண்டும். கேட்டால் சின்ன வேலைதான். ஆனால் பகல் இரவு என்றில்லாமல், வாரத்தின் ஏழு நாளும் அவர் ஒருவரே அதைச் செய்துகொண்டிருந்தார். லீவு கேட்டால் மாற்றாள் வந்ததும் போகலாம் என்று பதில் வரும். மாற்றாள் வந்ததில்லை.

கேட்காரருக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். ஒல்லி உடம்பு, அரைஞாண் கயிற்றில் சாவி, யாரையும் கடிந்து பேசாத வாய். அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கத்தை முதல் நாளே கண்டேன். எதையும் முழுதாகச் சொல்லி முடிக்க மாட்டார். பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் தலையைப் பாதைப் பக்கம் சாய்த்து ஒரு கணம் கேட்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். தனக்குப் பெண் பார்க்கப் போன அன்று மாமனார் வீட்டுக் காளை கட்டறுத்துக்கொண்டு ஓடிய கதையை என்னிடம் மூன்று தடவை ஆரம்பித்தார். மூன்று தடவையும் காளை ஓடவே இல்லை. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து தானும் அந்தக் கதையின் முடிவைக் கேட்டதில்லை என்று அக்கா சொன்னார். அவர் தகப்பன் வீட்டுக் காளைதான் அது.

மைத்துனரிடம் இரவல் வாங்கிய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இரவில் எண்ண எங்கள் ஆபீசிலிருந்து வேறொருவர் வருவார், பகல் முழுவதும் என் பொறுப்பு. பென்சிலைக் கூராகச் சீவி வைத்திருந்தேன். எழுதத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. ரயில் வந்தது, போனது. பாதையில் காலையில் இரண்டு மாட்டுவண்டி, சாயங்காலம் ஒன்று, அவ்வளவுதான். அந்த வண்டிக்காரர்களும் தாங்களே இறங்கிக் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கேட்காரரைச் சிரமப்பட வேண்டாம் என்றார்கள். ஊர்க்காரர்கள் எனக்கு மோர் கொண்டுவந்தார்கள். அவித்த கடலை கொண்டுவந்தார்கள், பனங்கிழங்கு கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கேட்காரரால் தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். தூரத்தில் கிழக்கே புழுதி பறந்துகொண்டே இருந்தது. அங்கே வேறொரு பாதை இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு கடலையை உரித்தேன். மூன்று நாளும் என் இரண்டாவது பத்தியில் 'வேலை இல்லை', 'வேலை இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். இவ்வளவு சுகமான உத்தியோகத்தில் இருந்துகொண்டு மனுவும் போடுகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் நோட்டை மூடிப் பையில் வைத்தேன். கேட்காரர் தண்டவாளத்து ஓரம் நடந்து பார்த்துவரப் போயிருந்தார். அக்கா ஒரு லோட்டாவில் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார். கணக்கு எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார். சொல்லக் கூடாதுதான். ஆனால் மூன்று நாள் அவர் கையால் சாப்பிட்டவன் நான். குறைவாகத்தான் வந்திருக்கிறது என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

"தம்பி, அவுக சோத்துல கைய வச்சிட்டு எத்தன தடவ எந்திரிச்சாகன்னு எழுதிருக்கீங்களா?"

இந்த மூன்று நாளில் அப்படி எழுந்திருக்கவே இல்லையே என்றேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக எல்லாம் சொன்னார். ஓய்வு கேட்டு மனுப் போட்ட விஷயத்தைக் கேட்காரர் ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சோம்பேறி என்று நினைத்துவிடுவார்கள் என்று கூச்சம். நோட்டும் கையுமாக ஓர் ஆபீசர் வந்து உட்கார்ந்தால் ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? யாரோ நம் கேட்காரர் மேல் மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள், குற்றம் கண்டுபிடிக்க ஆள் வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். கேட்டில் ஒரு தப்பும் நடந்துவிடக் கூடாது என்று கூடிப் பேசி, மூன்று நாளைக்கு வண்டிகளை எல்லாம் இரண்டு மைல் கிழக்கே அடுத்த கேட் வழியாகத் திருப்பிவிட்டார்கள். ஆடு மாடுகளைத் தண்டவாளத்துக்கு அடியில் கண்மாய்த் தண்ணீர் போகிற சின்னப் பாலத்துக்குள் குனியவைத்து ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் பார்த்த புழுதி அவர்களுடைய வண்டிப் புழுதி. நான் தின்ற கடலை அவர்கள் எனக்குக் கொடுத்த கையூட்டு. அவர்கள் அன்பின் பாரம் தாங்காமல் கேட்காரரின் மனு கவிழ்ந்துவிட்டது.

அந்த மனு எதற்காக என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். கேட்காரருக்கு ஒரே தங்கை, விராலிமலையில் வாழ்க்கைப்பட்டவர். தங்கைக்கு ஒரு பெண் குழந்தை. காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமனோ கேட்டை விட்டு நூறு அடி நகர முடியாதவர். குழந்தைக்கு ஒரு வயதில் நாள் குறித்தார்கள், மாற்றாள் வரவில்லை. மூன்று வயதில் குறித்தார்கள், வரவேண்டிய மாற்றாளுக்குக் காய்ச்சல். ஐந்து வயதில் குறித்தபோது மழையில் பாதை அரித்து எல்லா ஆட்களையும் அங்கே கொண்டுபோய்விட்டார்கள். சித்தப்பா மடி, பெரியப்பா மடி என்று எத்தனையோ பேர் சொல்லியும் தங்கை கேட்கவில்லை. என் அண்ணன் உயிரோடு இருக்கும்போது இன்னொருவர் மடி எதற்கு என்று பிடிவாதம். குழந்தைக்கு ஏழு வயதாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் மூளிக்காதி என்று கேலி செய்வதால், ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுகிறதாம். விராலிமலைக்குப் போய்வர வேண்டியது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் அந்த மனு.

ஆபீசுக்குத் திரும்பி, அந்த மூன்று நாளும் வழக்கமான நாட்கள் அல்ல, மறுபடி எண்ண அனுமதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் பெரிய குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பத்திக்கு வெளியே ஒரு புள்ளி விழுந்தாலும் தாளைத் திருப்பிக் கொடுக்கிற மனிதர். அங்கே சாப்பாடு ரொம்ப ருசியோ என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் மேஜைமேல் இருந்த மைக்கூட்டை இரண்டு தடவை இடம் மாற்றி வைத்தார். இன்னும் ஒரே ஒரு தடவை, அதிலும் கணக்கு தப்பினால் உன் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன் இல்லை என்று சொல்லி அனுமதி கொடுத்தார்.

இரண்டாவது தடவை நான் போய் இறங்கியபோது கேட்டில் தேர்த் திருவிழாக் கூட்டம். அக்கா இதற்குள் ஊர் முழுக்க உண்மையைச் சொல்லியிருந்தார். வேலை அதிகம் என்று காட்டினால்தான் கேட்காரருக்கு ஓய்வு என்று தெரிந்ததும் ஊர் வரிந்துகட்டிக்கொண்டது. விடிந்ததிலிருந்து வண்டிகள். அந்தப் பக்கம் போன வண்டி கால் மணியில் இந்தப் பக்கம் வந்தது, வந்த வண்டி மறுபடி போனது. நெற்றியில் வெள்ளைச் சுழி உள்ள ஒரு காளையை மத்தியானத்துக்குள் பதினோரு தடவை பார்த்துவிட்டேன். பன்னிரண்டாவது தடவை அதுவே என்னைப் பார்த்துத் தலையாட்டியதுபோல் இருந்தது. ஒருவர் வெறும் வண்டியில் ஒரே ஒரு கோழியை வைத்துக் கொண்டுபோனார். எங்கே போகிறது கோழி என்று கேட்டேன். அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஜோலி இருக்கிறது என்றார். கேட்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. திறந்தார், பூட்டினார், திறந்தார், பூட்டினார். எனக்குப் பென்சில் தேய்ந்துபோனது. சிரிப்பை அடக்குவதுதான் அன்று எனக்கு வேலை, அதற்கு நோட்டில் பத்தி இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் அந்த வெள்ளைச் சுழிக் காளை மறுபடி வந்து நின்றது. கேட்காரர் கதவைத் திறக்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குமேல் ஏறி நின்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஊரில் யாரும் எனக்காகப் பொய்யாக நடக்கவும் வேண்டாம், பொய்யாக நிற்கவும் வேண்டாம் என்றார். ஜோலி இருக்கிறவர்கள் வரட்டும், இல்லாதவர்கள் வீட்டுக்குப் போகட்டும் என்றார். பிறகு என்னிடம் வந்து நின்றார்.

"தம்பி, நேத்தும் இன்னைக்கும் எழுதுனத அடிச்சிருங்க. பொய்க் கணக்குல வாங்குன லீவுல போயி எம் மருமகள மடியில வைக்கவா?"

அடித்தால் மிச்சம் ஒரே நாள்தான் இருக்கிறது, அது போதாமல் போகலாம் என்றேன். போதாவிட்டால் போகட்டும் என்றார். அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போனார். நான் அந்த இரண்டு நாள் பக்கங்களிலும் குறுக்கே கோடு போட்டேன். இப்போதும் அந்தக் கோடுகள் நோட்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்திருக்கும்.

கூட்டம் உடனே கலைந்துவிடவில்லை. அவர்களுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். வாரத்தில் ஒரு நாள் சும்மா இருப்பது என்றால் அன்றைக்கு என்னதான் செய்வது என்று ஒரு வண்டிக்காரர் கேட்டார். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் என்றேன். அவருக்கு அது காய்ச்சல் வந்தவன் சமாசாரமாகப் பட்டது. இரவும் வயலில் கெடை போட்டு ஆடு காக்கிற ஒருவர் தன் வேலை நேரத்தையும் எழுதிப் பார்க்கச் சொன்னார். எழுதிக் கூட்டினேன். எங்கள் விதிப் புத்தகத்தில் இருக்கிற எந்தத் தரத்திலும் அவர் அடங்கவில்லை. உடனே எல்லாருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. வண்டிக்காரர் தன் கணக்கைச் சொன்னார். டீக்கடைக்காரர் சொன்னார். மாடு பூட்டிக் கிணற்றில் கமலை இறைக்கிறவர் சொன்னார். யாருக்கு அதிகம் என்று பந்தயம் நடப்பதுபோல் ஆகிவிட்டது, ஆட்டுக்காரர் கொஞ்ச நேரம் முதலிடத்தில் இருந்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். அக்கா திங்கட்கிழமை காலையிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். புதன்கிழமை வருவதற்குள் என் பக்கம் நிறைந்துவிட்டது. ஆட்டுக்காரர் எழுந்து கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். கேட்காரர்கூடச் சிரித்தார். நான் மட்டும் அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் மனுப் போட்டவர்களைத்தான் நாங்கள் எண்ணினோம். மனுப் போடவே தெரியாதவர்கள்தான் அந்த மரத்தடி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் அரிமளம் சந்தை நாள். எல்லாரும் வழக்கம்போலவே வர வேண்டும் என்பது கேட்காரரின் உத்தரவு. வழக்கம்போல எப்படி வருவது என்றே மறந்துபோய்விட்டதாக அந்தக் கோழிக்காரர் என்னிடம் முறையிட்டார். காலை ரயிலில் திருமயத்தில் இறங்கி, ஒரு மாட்டுவண்டி பிடித்து, கேட்காரரின் தங்கை வந்து சேர்ந்தார். கூடவே அந்தப் பெண். கூடவே ஒரு தங்க ஆசாரி, கையில் சின்னத் தகரப் பெட்டி. இது அக்காவின் ஏற்பாடு. கணக்கு எப்படிப் போனாலும் பிள்ளையின் காதைக் குத்தியாக வேண்டும், மாமன் மலைக்கு வர முடியாவிட்டால் மருமகள் கேட்டுக்கு வரட்டும் என்று ஒரு வாரம் முன்பே கடிதம் போட்டிருக்கிறார். கேட்காரர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, வேப்ப மரத்தடியில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஏழு வயதுப் பெண், மடிக்குக் கொஞ்சம் பெரியவளாகிவிட்டாள். கால்கள் பாய்க்கு வெளியே நீண்டிருந்தன. மாமன் மருமகளின் தலையைத் தடவி, ஏதோ சொல்ல ஆரம்பித்து, வழக்கம்போல நடுவில் நிறுத்தித் தலையைச் சாய்த்தார். பாதையில் வண்டி.

எழுந்து போய்த் திறந்து பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆசாரி சந்தனத்தால் காதில் புள்ளி வைத்தார். மறுபடி வண்டி, சந்தைக்கு மிளகாய் மூட்டை. எழுந்தார், வந்தார். ஆசாரி இப்போது அவசரப்பட வேண்டாம், நல்ல நேரம் இன்னும் இருக்கிறது என்றார். மூன்றாவது வண்டி. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் மாமன் மடியிலிருந்து இறங்கி, தன் சந்தனக் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நேராக என் நாற்காலிக்கு வந்தாள். நோட்டில் விரலை ஊன்றினாள்.

"மாமா எந்திரிச்சுப் போனத எழுதுனீங்களா?"

கேட் திறந்ததை எழுதினேன் என்றேன். அதில்லை, என் மடியை விட்டு எந்திரிச்சதை எழுதினீர்களா என்று கேட்டாள். மடி அவருடையதுதான், ஆனால் அவள் 'என் மடி' என்றுதான் சொன்னாள். அதற்குப் பத்தி இல்லை என்று ஏழு வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? அவள் கண் எதிரிலேயே எழுதினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டி வாசித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் போனாள்.

அதற்குப் பிறகு பதினொன்றரை மணி ரயில் வந்தது. கேட்காரர் மருமகளை இடுப்பில் தூக்கிக்கொண்டே போய் நின்றார். பச்சைக் கொடியை அவள்தான் பிடித்தாள். எஞ்சின் டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். ரயில் போனதும் ஒரு நிமிடமும் வீணாக்காமல் எல்லாரும் பாய்க்கு ஓடினோம். கேட்காரர் உட்கார்ந்தார், அவள் உட்கார்ந்தாள், தங்கை தலையைப் பிடித்துக்கொண்டார், ஆசாரி வலது காதில் குத்தினார். அவள் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கை எல்லாம் பறந்தது. அதே நேரம் பாதையில் ஒரு வண்டிக்காரர் குரல் கொடுத்தார். பல வருஷப் பழக்கம், கேட்காரர் உடம்பு அவரைக் கேட்காமலே எழுந்துவிட்டது. பிடி விட்டதுதான் தாமதம், அவள் துள்ளிக் குதித்து ஓடிப்போய்த் தண்டவாளத்துக்கு அடியில் அந்தச் சின்னப் பாலத்துக்குள் புகுந்துகொண்டாள். இரண்டாவது காதைக் காட்டமாட்டேன் என்று உள்ளேயிருந்து அறிவித்தாள். வெல்லம், வளையல், தோசை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள். வெளியே வரவில்லை. ஆசாரி தன் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார். ஒற்றைக் காதில் சின்னத் தங்கக் கம்பியோடு அந்தப் பெண் சாயங்கால வண்டியில் ஊர் திரும்பினாள்.

பெரிய குமாஸ்தா என் நோட்டை வாங்கி வாசித்தார். குறுக்கே அடித்த இரண்டு நாளைப் புரட்டினார். மூன்றாம் நாளுக்கு வந்தார். 'பத்து மணி ஐந்து: கேட் திறந்தார், மூன்று நிமிடம். காது குத்தும்போது மடியை விட்டு எழுந்தார், முதல் தடவை' என்று இருந்ததைச் சத்தமாக வாசித்துவிட்டு, இது எந்தப் பத்தி என்று கேட்டார். அவர் தொடர்ந்து மனதுக்குள் வாசித்தார். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை, நான்காம் தடவை. கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னொரு காது?"

இல்லை சார் என்றேன். மைக்கூட்டைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு தாளை எடுத்து மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. கேட்டுக்கு நிரந்தரமாக இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை, அவர் வேலையைப் பார்த்துக்கொள்ள ஒரு மாற்றாள் வருவார். அந்த மாதிரி ஆளை எங்கள் ரயில்வேயில் ரெஸ்ட் கிவர் என்று சொல்லுவோம். ஓய்வைக் கொடுக்கிறவர். அதைவிட நல்ல உத்தியோகப் பெயரை நான் கேட்டதில்லை.

முதல் வியாழக்கிழமை விராலிமலைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போனோம். கேட்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தக் காளை கதையை ஆரம்பித்தார். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பஸ் இலுப்பூரைத் தாண்டியது. தலை சாயவில்லை, பேச்சு நிற்கவில்லை. காளை கட்டறுத்தது, ஓடியது, கிணற்றடியில் போய் நின்றது, யாரோ பிடித்துக் கட்டினார்கள். கதை முடிந்தது. இதற்கா இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று அக்கா கேட்டார். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள், கேட்காரர்தான் அதிகம் சிரித்தார். மலையில் மயில்கள் கூவ, வேறொரு ஆசாரி இரண்டாவது காதைக் குத்தினார். அவள் அழுதாள், ஆனால் ஓடவில்லை. மாமனும் எழுந்திருக்கவில்லை. பதினொன்றரை மணிக்கு மட்டும், அங்கே சுற்றுவட்டாரத்தில் தண்டவாளமே இல்லை, அவர் வலது கை தானாக உயர்ந்து கொடியைத் தேடியது. மருமகள் அந்தக் கையைப் பிடித்து மறுபடி தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் இப்போது எழுதக் காரணம் அந்தப் பெண்தான். கேட்காரரும் அக்காவும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவளுக்கும் வயதாகிவிட்டது. இரண்டு ஆசாரிகள் இரண்டு ஊரில் குத்தியதால் அவள் காதுகளில் ஓட்டை ஒன்று மேலே, ஒன்று கீழே. எந்தத் தோடு போட்டாலும் ஒரு பக்கம் ஏறித்தான் இருக்கும். சரி செய்துகொள்ளலாமே என்று யாராவது சொன்னால், வலதைத் தொட்டு இது கேட்டு, இடதைத் தொட்டு இது மலை என்பாள். போன தை மாதம் அவள் மகள் வயிற்றுப் பேத்திக்குக் காது குத்து, விராலிமலையில். நீங்கள் வந்தே ஆக வேண்டும், அந்த நோட்டும் வர வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

போனேன். மாமன் அவளுடைய மகன், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல பையன். லீவு கிடைக்கவில்லை, இருந்தும் வந்திருந்தான். லீவு இல்லாமல் எப்படி வந்தான் என்றால், வேலையையும் கையிலேயே கொண்டுவந்திருந்தான். குழந்தையை மடியில் வைத்ததும் போன் அடித்தது. காதில் வைத்துக்கொண்டு எழுந்து மண்டப ஓரத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான். உட்கார்ந்தான். மறுபடி அடித்தது. எழுந்தான். குழந்தை அழவில்லை, அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. என் கை தானாகப் பையிலிருந்து நோட்டை எடுத்தது. சந்தனக் கறைப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அத்தனை வருஷமும் காலியாகவே கிடந்தது. பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தேன்.

மூன்றாவது தடவை எழுந்து வந்தவன் என்னைக் கவனித்தான். என்ன எழுதுகிறீர்கள் தாத்தா என்று கேட்டான். நோட்டை அப்படியே அவனிடம் கொடுத்தேன். இடது பக்கத்தை வாசித்தான். வலது பக்கத்தை வாசித்தான். தன் அம்மாவின் காதுகளைப் பார்த்தான். நோட்டை என்னிடம் நீட்டிவிட்டு, போனை அணைத்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். ஆசாரி சந்தனம் வைத்தார். ஒரு காது, ஓர் அழுகை, இன்னொரு காது, இன்னும் பெரிய அழுகை. எல்லாரும் சிரித்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த ஏழு வயதுப் பெண் என்னிடம் வந்தாள். தலை முழுக்க நரை, ஒரு பக்கம் ஏறிய தோடு.

"எழுதுனீங்களா?" என்று கேட்டாள்.

எழுதியிருந்தேன். அவள் எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள். 'பத்து இருபது முதல் பத்து முப்பத்தைந்து வரை. இரண்டு காதும். மாமன் எழுந்திருக்கவில்லை.'